கர்ப்ப காலச் சுகர்: ஜவ்வரிசிக் கஞ்சியா, சாமையா, கேப்ஸ்யூலா?

கேள்வி கேட்டவர் கொண்டலாம்பட்டியில் இருக்கும் ஒரு பெண். முதல் குழந்தை, இருபத்தாறாவது வாரம். குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் சுகர் 158 வந்திருக்கிறது. இரண்டு வாரம் சாப்பாட்டைச் சரிசெய்து பார்ப்போம், நார்ச்சத்து நிறையச் சேருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டில் ஆளுக்கொரு வழி. உடம்புச் சூடு தணியட்டும் என்று மாமியார் தினமும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கிறார். ஏற்காட்டில் இருக்கும் அம்மா சாமையும் ராகி மாவும் கொடுத்தனுப்புகிறார். குடல் பாக்டீரியா கெட்டுப்போவதால்தான் கர்ப்பத்தில் சுகர் வருகிறது என்று எங்கோ பார்த்த கணவர், நல்ல பாக்டீரியாவை அடைத்து விற்கும் புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் வாங்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, அடுத்த மாதம் வளைகாப்பு வருகிறதே அன்றைக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

சேலத்தில் டயட்டீஷியனாக இருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழகியது. சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதோ: அம்மா சொல்வது பாதிக்கு மேல் சரி. மாமியாரின் கஞ்சி குழந்தை பிறக்கும்வரை வேண்டாம். கணவரின் விஷயம் சுவாரசியமானது, ஆனால் கேப்ஸ்யூலுக்குக் கொடுக்கும் காசில் கொண்டைக்கடலை வாங்கிக்கொள்ளுங்கள். காரணங்களை இனி விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 158. "அதெல்லாம் பெரிய சுகரே இல்லை, எனக்கு 300 இருக்கு" என்று சொந்தக்காரர் யாராவது சொல்வார். கேட்டு விட்டுவிடாதீர்கள். கர்ப்பிணிக்குக் கணக்கே வேறு. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை என்று கொள்வது நம் நாட்டு முறை. சென்னை மருத்துவர் வி. சேஷையா பல ஆண்டுகள் வலியுறுத்தி நிலைநாட்டிய முறை இது. வெறும் வயிற்றோடு வா, நாளைக்கு வா என்று அலையவிட்டால் கிராமத்துப் பெண்கள் திரும்பி வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்ப காலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

இது உங்கள் தப்பால் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஏற ஏற, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. தாயின் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் தங்கினால்தானே குழந்தைக்குப் போகும்? இயற்கையின் ஏற்பாடு அது. பெரும்பாலான பெண்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். நம் பக்கத்துப் பெண்களுக்கு ஏற்கெனவே இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருப்பதால் சிலருக்குக் கணையம் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. அப்போது மிஞ்சிய சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் தாண்டாது. குழந்தையின் கணையம் தானே இன்சுலினைக் கொட்டி, அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக்கி வைக்கும். குழந்தை பெருத்துப் பிரசவம் சிரமமாவதும், பிறந்த சில மணி நேரத்தில் அதற்குச் சுகர் தாழ்ந்துபோவதும் இதனால்தான்.

இதில் நார்ச்சத்து எங்கே வருகிறது என்றால், இரண்டு இடத்தில். ஒன்று, சாப்பிட்ட அந்த இரண்டு மணி நேரத்துக்குள் நடப்பது. பயறு, கீரை, காய், தவிடு போகாத தானியம் இவற்றின் நார் சிறுகுடலில் தண்ணீரை இழுத்துக் கொழகொழவென்று ஆகும், அல்லது மாவுச்சத்தைத் தன் செல்சுவருக்குள் பூட்டி வைத்திருக்கும். இரண்டிலும் சர்க்கரை ரத்தத்துக்குள் மெதுவாகத்தான் இறங்கும். தடைபட்ட இன்சுலினுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. டாக்டர் நார்ச்சத்து சேருங்கள் என்று சொன்னதற்கு உடனடிக் காரணம் இதுதான். இதற்கு பாக்டீரியாவின் உதவி எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, பெருங்குடலில் நடப்பது. உங்கள் கணவர் பார்த்தது இதைப் பற்றித்தான் இருக்கும். நம்மால் செரிக்க முடியாத நார் அங்கே போய்ச் சேரும்போது கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கியமான சாப்பாடு. இந்த அமிலங்கள் குடல் சுவரில் உள்ள சில செல்களைத் தூண்டி ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கும். அது கணையத்திடம் இன்சுலின் விடச் சொல்லும், இரைப்பை காலியாவதைத் தாமதிக்கும், பசியையும் அடக்கும். இப்போது எடை குறைக்க என்று ஊசி போடுகிறார்களே, அந்த மருந்துகள் போலியாக நடிப்பது இந்த ஹார்மோனைத்தான். உடம்பில் இயல்பாக ஊறுவதன் அளவு ஊசியோடு ஒப்பிட மிகச் சிறியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். சுண்டலை அந்த ஊசிக்குச் சமம் என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

நார் போதாவிட்டால் என்ன ஆகும்? 2016-ல் எலிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. நார் இல்லாத தீனி கொடுத்தபோது சில பாக்டீரியாக்கள், தீவனம் போடாத ஆடு கூரை ஓலையை இழுக்கிற மாதிரி, குடல் சுவரின் மேல் பூசியிருக்கும் சளிப்படலத்தையே தின்ன ஆரம்பித்தன. படலம் மெலிந்தால் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, உடம்பு முழுக்க லேசான அழற்சி வரும், அழற்சி இருக்கும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது என்பது ஆராய்ச்சியாளர்கள் போடும் முடிச்சு. எலியில் இது பலமான முடிச்சு. மனிதரில், அதுவும் கர்ப்பிணியில், இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை.

கர்ப்பத்தில் குடல் பாக்டீரியா மாறுகிறதா என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. பின்லாந்தில் 91 கர்ப்பிணிகளின் மலத்தை முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் எடுத்து ஒப்பிட்டு 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. கடைசி மாதங்களில் பாக்டீரியாக் கூட்டம் நன்றாகவே மாறியிருந்தது. அந்தக் கடைசி மாத பாக்டீரியாவைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தினார்கள். முதல் மாதங்களின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளைவிட இவை கொழுத்தன, இன்சுலினுக்கும் சரியாக மசியவில்லை. உலகமே இதைப் பேசியது. ஆனால் 2015-ல் கலிபோர்னியாவில் கர்ப்பிணிகளை வாரா வாரம் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், கர்ப்பம் முழுக்கக் குடல் பாக்டீரியா ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது என்றார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பின்லாந்துப் பெண்களில் சுகர் வராதவர்களுக்கும் அந்த மாற்றம் இருந்தது. அது நோயாக இல்லாமல், குழந்தைக்குச் சக்தி சேர்த்துவைக்கும் இயல்பான ஏற்பாட்டில் ஒரு பகுதியாகவே இருக்கலாம். "பாக்டீரியா கெட்டதால் சுகர் வந்தது" என்று ஒரே வரியில் சொல்வது இதனால்தான் எனக்குப் பிடிக்காது.

நார்ச்சத்தின் பக்கம் ஆதாரம் இதைவிடத் திடமாக இருக்கிறது. அமெரிக்காவில் நர்ஸ்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வில், 13,110 பெண்களின் கணக்கைப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்துக்கு முன்னால் தினமும் 10 கிராம் நார் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை வரும் வாய்ப்பு 26 சதவீதம் குறைவாக இருந்தது. முன்னால் சாப்பிட்டது என்பதை அழுத்திச் சொல்கிறேன். நார் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே நடப்பவர்கள், எண்ணெய்ப் பலகாரம் குறைத்தவர்கள். அதையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள் என்றாலும் முழுசாகக் கழித்துவிட முடியாது. உங்களுக்கு இப்போது இதன் பயன் அடுத்த குழந்தைக்கு, அல்லது கல்யாணம் ஆகப்போகும் உங்கள் தங்கைக்கு.

சரி, கேப்ஸ்யூல். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் எடை கூடிய கர்ப்பிணிகள் 411 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு லாக்டோபாசிலஸும் பிஃபிடோபாக்டீரியமும் கலந்த புரோபயாட்டிக், மீதிப் பேருக்கு வெற்று கேப்ஸ்யூல் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. சர்க்கரை வந்தது புரோபயாட்டிக் எடுத்தவர்களில் 18.4 சதவீதம் பேருக்கு, வெற்று கேப்ஸ்யூல் எடுத்தவர்களில் 12.3 சதவீதம் பேருக்கு. அதாவது தடுக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2021-ல் செய்த ஒரு தொகுப்பாய்வில், புரோபயாட்டிக் எடுத்த கர்ப்பிணிகளுக்குக் கர்ப்ப கால ரத்தக்கொதிப்புச் சிக்கல் சற்றுக் கூடுதலாக வந்திருக்கலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. நியூசிலாந்தில் வேறொரு வகை பாக்டீரியாவில் கொஞ்சம் பலன் கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் மருந்துக் கடையில் நமக்குக் கிடைக்கும் டப்பாவில் அதே வகை, அதே அளவு இருக்கும் என்று எதை வைத்து நம்புவது? டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வாங்காதீர்கள். வீட்டுத் தயிரும் மோரும் தாராளமாகச் சாப்பிடலாம். நல்ல புரதம், கால்சியம். சுகருக்கு மருந்து என்று நினைத்துச் சாப்பிட வேண்டாம், அவ்வளவுதான்.

பிரிஸ்பேன் ஆய்விலிருந்து கிளைத்த இன்னொரு கட்டுரை என் வேலைக்கு அதிகம் உதவியது. அதே பெண்களில் நார் குறைவாகச் சாப்பிட்டவர்களின் குடலில் காலின்செல்லா என்ற பாக்டீரியா அதிகமாக இருந்தது. அது பெருகியவர்களுக்கு ரத்தத்தில் இன்சுலின் அளவும் உயர்ந்திருந்தது. பாக்டீரியாவை வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்குவதைவிட, இருக்கிற நல்லதுக்குத் தீனி போடுவது எளிது என்று என் மனசில் பட்டது. கூட்டம் மாறவும் ரொம்ப நாள் ஆவதில்லை, சாப்பாடு மாறிய சில நாட்களிலேயே மாறத் தொடங்குகிறது. பழையபடி சாப்பிட்டால் அதே வேகத்தில் திரும்பியும் விடும்.

இனி உங்கள் அடுப்படிக்கு வருவோம். சண்டை நடப்பது அங்கேதானே.

ஜவ்வரிசியைச் சேலத்துக்காரி நான் குறை சொல்வது கஷ்டம்தான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பொருள், எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு. ஆனால் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி, அரைத்து, தண்ணீர் விட்டு அலசி, பாலை மட்டும் தொட்டியில் தெளியவிடுவார்கள். அடியில் தங்கும் வெள்ளை மாவை உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. அலசும்போது தனியே ஒதுங்குகிறதே, ஆத்தூர் பக்கம் சேகோ ஆலை முற்றத்தில் வெயிலில் காயப்போட்டிருப்பார்களே திப்பி, கிழங்கின் நார் முழுக்க அதில்தான் இருக்கிறது. அது மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது, நமக்கு வருவது தனி மாவுச்சத்து. நூறு கிராம் ஜவ்வரிசியில் ஏறக்குறைய 87 கிராம் மாவுச்சத்து, நார் என்று சொல்ல எதுவுமில்லை, புரதமும் இல்லை. அதைக் குழைய வேகவைத்துப் பாலும் வெல்லமும் சேர்த்துக் குடித்தால் குளுக்கோஸ் தண்ணீர் டெஸ்ட்டைத் தினமும் வீட்டிலேயே செய்கிற கணக்கு. மாமியாரிடம் இப்படிச் சொல்லாதீர்கள். "டாக்டர் கஞ்சி எதுவுமே வேண்டாம்னுட்டார் அத்தை, மோர் கொடுங்க" என்று சொன்னால் போதும். சூட்டுக்கு மோரும் நல்லதுதான், அவர் மனசும் நோகாது. சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, அச்சு வெல்லம், தேன் என்று மாற்றுவதிலும் ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது.

ராகி விஷயத்தில் அம்மா பாதி சரி. நூறு கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார், தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. ஆனால் ராகி என்ற பெயரே சுகரைக் கட்டுப்படுத்திவிடாது, எந்த வடிவில் உள்ளே போகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். முளைகட்டி, காயவைத்து, நைசாக அரைத்து, துணியில் சலித்து, கஞ்சியாகக் காய்ச்சி நாட்டுச் சர்க்கரை போட்டால், முளைகட்டியதிலேயே மாவுச்சத்து ஓரளவு உடைந்திருக்கும், சலித்ததில் தவிடு போயிருக்கும், கஞ்சியாக இருப்பதால் மென்று விழுங்கும் வேலையும் இல்லை. ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அதே ராகியைச் சலிக்காத மாவாக எடுத்து, முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டு அடை தட்டினாலோ, நொய் சேர்த்துக் கிண்டிய களியில் சின்ன உருண்டையை ஒரு கிண்ணம் கீரைக் கடைசலோடு சாப்பிட்டாலோ கதை வேறு. களியின் பெருமை பேசுகிறவர்கள் உருண்டையின் அளவைப் பேசமாட்டார்கள். வயலில் இறங்கி வேலை செய்தவர்களுக்கான உருண்டை அது. உங்களுக்கு ஒரு எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவான அளவு போதும்.

சாமையும் அப்படியே. ஏற்காட்டு மலைக் கிராமங்களில் முன்பு உரலில் குத்தி, தவிடு ஒட்டியிருக்க, மங்கலான நிறத்தில் கிடைத்தது. இப்போது பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் மெஷினில் தீட்டி வெள்ளையாக்கியது. அம்மா அனுப்புவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறமாக, விரலில் லேசாகத் தவிடு ஒட்டினால் அதிர்ஷ்டம். எதுவாக இருந்தாலும் ஒரு கப்புக்கு மேல் போனால் அரிசிச் சோறும் சாமைச் சோறும் சுகருக்கு ஒன்றுதான்.

உண்மையில் நம் சாப்பாட்டில் நார்ச்சத்துக்கு ராஜா தானியம் அல்ல, பயறு. முழுக் கொண்டைக்கடலையில் நூறு கிராமுக்கு சுமார் 25 கிராம் நார், பச்சைப்பயறில் 17. புரதமும் கூடவே வருகிறது. தோல் நீக்கிய பருப்பாகக் குழம்பு வைப்பதைவிட, வாரத்தில் பாதி நாளாவது தோலோடு முழுப் பயறாகச் செய்யுங்கள். தட்டைப்பயறுக் குழம்பு, மொச்சை, பச்சைப்பயறுக் கடைசல் எல்லாம் இந்தப் பக்கத்துச் சமையல்தான், புதுசாக எதையும் கற்க வேண்டாம். கொள்ளு சூடு என்று மாமியார் தடுத்தால் அதற்காக மல்லுக்கட்டாதீர்கள், மற்ற பயறுகளே போதும்.

கர்ப்பிணிக்கு நாளுக்கு 28 கிராம் நார் வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. காலையில் இட்லி, மதியம் வெள்ளைச் சோறும் சாம்பாரும், பேருக்கு ஒரு கரண்டி பொரியல், ராத்திரி தோசை என்று ஓடும் வீட்டில் 15 வருவதே பெரிய விஷயம். இப்படி மாற்றிப் பாருங்கள். காலையில் உளுந்து சேர்த்த ராகி தோசை இரண்டு, சட்னிக்குப் பதில் கெட்டியான காய்கறிக் கொத்சு. பதினொரு மணிக்கு, காய்ந்த கொண்டைக்கடலையாக 30 கிராம் அளந்து ஊறவைத்த சுண்டல், அதிலேயே 7 கிராம் நார் வந்துவிடும். மதியம் ஒரு கப் சோறு, அதைவிடப் பெரிய பங்கு கீரையும் அவரைக்காயோ பீன்ஸோ, கூடவே முட்டையோ மீனோ மோரோ. சாயங்காலம் ஒரு சின்னக் கொய்யா, அதில் 5 கிராமுக்குக் குறையாது. ராத்திரி சலிக்காத கோதுமை மாவில் இரண்டு சப்பாத்தி, பயறுக் குழம்பு. கூட்டிப் பார்த்தால் 28-ஐத் தாண்டிவிடும். ஆஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குக் காலையில் போனால் அவரையும் கீரையும் மலிவாகவே கிடைக்கும், இதற்கென்று ஓட்ஸும் வெளிநாட்டு விதைகளும் வாங்க வேண்டியதில்லை.

காலைச் சாப்பாட்டில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் உச்சத்தில் இருப்பதால் கர்ப்பிணிகளுக்கு அந்த நேரத்தில்தான் இன்சுலின் மிக மந்தமாக வேலை செய்யும். மதியம் தாங்கும் மூன்று இட்லி காலையில் தாங்காது. காலையில் இரண்டாகக் குறைத்து, முட்டையோ பயறோ கூடச் சேர்த்து, மிச்சப் பசியைப் பதினொரு மணிச் சுண்டலுக்கு விடுங்கள்.

தட்டில் இருப்பதைச் சாப்பிடும் வரிசையும் உதவும். காயையும் பயறையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்குப் போனால் சுகர் குறைவாக ஏறுகிறது என்று இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள். செலவில்லாத வேலை, செய்து பாருங்கள். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் பலன் உண்டு, டாக்டர் ஓய்வில் இருக்கச் சொல்லாதவரை.

பழைய சோற்றைப் பற்றியும் கேட்பார்கள். வெந்த சோறு ஆறிக் கிடக்கும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு இறுகி, செரிக்காத வகையாக மாறும். அதுவும் பெருங்குடலில் பாக்டீரியாவுக்குத் தீனிதான். ஆனால் அது நூறு கிராம் சோற்றில் ஒன்றிரண்டு கிராம். மீதியெல்லாம் சோறு. சித்திரை வெயிலில் இரவெல்லாம் வெளியில் வைத்த சோறு கர்ப்பிணிக்கு வயிற்றைக் கெடுத்தால் இருக்கிற பாடோடு இன்னொரு பாடு. ஆசைக்கு எப்போதாவது கொஞ்சம், மோர் ஊற்றி, கூடச் சின்ன வெங்காயமும் சுண்டலும்.

தட்டுவடை செட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கொண்டலாம்பட்டியில் இருந்துகொண்டு அதைச் சாப்பிடாமல் இருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. உள்ளே கேரட்டும் பீட்ரூட்டும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஒரு சிட்டிகை. மேலும் கீழும் இருப்பது எண்ணெயில் பொரித்த அரிசி மாவு. மாதத்தில் ஒரு நாள் ஒரு செட் என்றால் நான் கண்டுகொள்ளமாட்டேன். மாம்பழம் இதைவிடத் தேவலை. சேலத்தில் இருந்துகொண்டு மல்கோவாவை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. சாப்பாட்டோடு சேர்க்காமல், ஜூஸ் போடாமல், நூறு கிராம் அளவுக்கு இரண்டு கீற்று, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோடு. ஏற்காட்டு ஆரஞ்சையும் சுளையாகவே தின்னுங்கள், பிழிந்தால் நார் சக்கையோடு போய்விடும்.

இதையெல்லாம் நாளைக்கே ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். நார் பழகாத குடலில் திடீரென்று இரண்டு மடங்கு போட்டால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும், அப்புறம் "எனக்கு இது ஒத்துக்காது" என்று விட்டுவிடுவீர்கள். மூன்று நாலு நாளைக்கு ஒரு மாற்றம் என்று போங்கள். முதலில் சுண்டல், அது பழகியதும் கீரையைக் கூட்டுங்கள், பிறகு தானியத்தை மாற்றுங்கள். தண்ணீர் நன்றாகக் குடிக்காமல் நார் மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் அதிகமாகும். இரும்புச்சத்து மாத்திரை வேறு அதைக் கூட்டும். அந்த மாத்திரையைக் காபி, டீ, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் தள்ளிப் போடுங்கள். தவிடும் பயறும் நிறைந்த சாப்பாட்டோடும் வேண்டாம். ஏற்காட்டுக் காபி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெந்தயம் தாளிப்பிலும் தோசை மாவிலும் இருக்கட்டும். சுகர் குறையும் என்று கரண்டி கரண்டியாகப் பொடியை விழுங்குவது கர்ப்பத்தில் வேண்டாம்.

எதிர்ப்பக்கம் போகிறவர்களும் உண்டு. பயத்தில் சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் காயைத் தின்பார்கள். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 175 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும், குழந்தைக்கு அது நல்லதில்லை. மூன்று வேளையை ஆறு சிறு வேளையாகப் பிரியுங்கள்.

எந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதை நானோ அம்மாவோ மாமியாரோ சொல்வதைவிட ஒரு குளுக்கோமீட்டர் சரியாகச் சொல்லும். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ் இருக்க வேண்டும். நேரத்தை முதல் வாய் எடுத்து வைத்ததிலிருந்து எண்ணுங்கள். ஒரு நாள் ராகிக் கஞ்சி குடித்துப் பாருங்கள், இன்னொரு நாள் அதே அளவு மாவில் கீரை அடை செய்து பாருங்கள். இரண்டு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி மாமியாருக்குக் காட்டினால் வீட்டில் பாதி வாதம் முடிந்துவிடும். ஒரே உணவு இருவருக்கு இரண்டு விதமாக ஏறுவது சகஜம், அதில் குடல் பாக்டீரியாவுக்கும் பங்கு இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் எண்ணை உங்களுடையதோடு ஒப்பிட வேண்டாம்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் 120-க்கு மேலேயே நின்றால் டாக்டர் மெட்ஃபார்மினோ இன்சுலினோ ஆரம்பிப்பார். ஆரம்பிக்கட்டும். குறிப்பாக வெறும் வயிற்றுச் சுகர் ஏறியிருந்தால் அது ராத்திரி முழுக்கக் கல்லீரல் விடும் சர்க்கரை. சுண்டலும் கீரையும் அதை ஓரளவுக்கு மேல் தொடாது. "இன்சுலின் போட்டால் வாழ்நாள் முழுக்கப் போடணும்" என்று பயமுறுத்துவார்கள். கர்ப்ப காலச் சர்க்கரையில் பெரும்பாலானவர்களுக்கு நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஊசியின் தேவையும் முடிந்துவிடுகிறது. மெட்ஃபார்மின்கூடக் குடல் பாக்டீரியாவை மாற்றுகிறது, அதன் வேலையில் ஒரு பகுதி அந்த வழியாகவே நடக்கிறது என்று தெரியவந்திருக்கிறது. உங்கள் கணவருக்கு இது பிடிக்கும், சொல்லுங்கள்.

பிரசவம் ஆகி ஆறு வாரத்தில் அதே 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட்டை மறுபடி எடுக்க வேண்டும். குழந்தையைப் பார்க்கும் பரபரப்பில் நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்கே உங்கள் டெஸ்ட்டையும் கேட்டு எடுத்துவிடுங்கள்.

கடைசியாக வளைகாப்பு. ஐந்து சாதமோ ஏழு சாதமோ, எல்லாமே அரிசி. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி என்று ஆசீர்வாதமாக வைப்பார்கள், மறுக்கவும் முடியாது. அன்று காலையில் முட்டையும் காயும் மட்டும் இலேசாகச் சாப்பிட்டு, விழாவுக்குக் கிளம்பும் முன் ஒரு கிண்ணம் சுண்டலை முடித்துவிட்டு உட்காருங்கள். ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் காலைச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், அளவை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இலையில் தயிர் சாதமும் எலுமிச்சைச் சாதமும் இரண்டு இரண்டு வாய், சர்க்கரைப் பொங்கல் நாக்கில் படும் அளவுக்கு. மீதியைப் பக்கத்தில் உட்காரும் நாத்தனார் பார்த்துக்கொள்ளட்டும், இதற்கென்று முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.